ஸ்கீ பேட்ரோலர் ஆகணுமா? ஒரு சீசன் முழுக்க கேண்டிடேட் ட்ரெய்னிங்ல இருந்துட்டு எழுதற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4 ஸ்டார். அந்த ஒரு ஸ்டாரை ஏன் குறைச்சேன்னு கீழ வரும், அதை மட்டும் தயவுசெஞ்சு தாண்டி போயிடாதீங்க. எந்த மலை எந்த டீம்னு பேர் போடல, குறை சொல்ற விஷயம் இருக்கறதால வேணாம்னு விட்டுட்டேன். ஆனா ஸ்கீ பேட்ரோல்ல, அதாவது பனிமலையில ஸ்கீ பண்றப்ப அடிபடறவங்களுக்கு முதலுதவி பண்ணி கீழ இறக்கற, ஸ்லோப்பை பாதுகாப்பா வெச்சுக்கற டீம்ல, சேரலாமானு யோசிச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு இதுல பாதிக்கு மேல எந்த மலைக்கு போனாலும் பொருந்தும்.

நான் இதுக்குள்ள வந்த கதை சின்னது. மூணு சீசன் முன்னாடி, சாயங்காலம் ஆகற நேரம், வெளிச்சம் மங்கி ஸ்லோப்ல மேடு எது பள்ளம் எதுனே தெரியல, விழுந்தேன், வலது முட்டிக்குள்ள டப்புனு ஒரு சத்தம், அவ்ளோதான், எழுந்திரிக்க முடியல. அந்த பக்கமா வந்த யாரோ ஒருத்தர் என் ஸ்கீ ரெண்டையும் கழட்டி எனக்கு மேல் பக்கமா பெருக்கல் குறி மாதிரி குத்தி வெச்சுட்டு லிஃப்ட்ல, அதாவது கேபிள்ல தொங்கற சேர்ல ஆளுங்களை மலை மேல ஏத்தற இடத்துல, ஆள் கூப்பிட போனார். கொஞ்ச நேரத்துல செவப்பு ஜாக்கெட், முதுகுல வெள்ளை சிலுவை, ஒருத்தங்க வந்து பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தாங்க, பேர் கேட்டாங்க, தலை அடிபட்டுச்சா, கழுத்து வலிக்குதானு கேட்டாங்க, பேசிக்கிட்டே அவங்க கை என் தலையில ஆரம்பிச்சு கால் வரைக்கும் ஒவ்வொரு இடமா அமுக்கி பார்த்துக்கிட்டே வந்துச்சு. எனக்கு மூச்சு வாங்குது, அவங்க குரல்ல ஒரு பதட்டமும் இல்ல, அதை கேக்க கேக்க என் மூச்சும் தானா அடங்குச்சு. முட்டி ஆபரேஷன், பிசியோ எல்லாம் முடிஞ்சு திரும்ப ஸ்கீ மாட்டி நிக்கறதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, நின்ன உடனே செஞ்ச முதல் வேலை பேட்ரோல் ஆபீஸ்ல போய் எப்படி சேரறதுனு கேட்டது.

நிறைய பேர் நினைக்கற மாதிரி இது சூப்பரா ஸ்கீ பண்றவங்களுக்கான வேலைனு சொல்ல முடியாது. ஸ்கீயிங் தெரியணும்தான், கண்ணாடி மாதிரி ஐஸ், முட்டி வரைக்கும் புதுப்பனி, மேடும் பள்ளமுமா மோகல், மழை பட்டு கூழ் மாதிரி ஆன பனி, எதுலயும் முதுகுல பேக்கோட விழாம இறங்க தெரியணும், ஆனா அதுக்கு மேல நீங்க எவ்ளோ ஸ்டைலா திரும்பறீங்கனு ஒருத்தர் கூட பார்க்க மாட்டாங்க. எங்க டெஸ்ட்ல முதல்ல கேட்டதே சைட் ஸ்லிப், அதாவது ஸ்கீயை குறுக்க போட்டு நேரா கீழ வழுக்கிக்கிட்டு வரணும், நாலு மூங்கில் கம்பு நட்டு ஒரு சந்து மாதிரி பண்ணி வெச்சிருந்தாங்க, அதை விட்டு வெளிய போகக்கூடாது. அப்புறம் ஃபாலிங் லீஃப், மரத்துலேர்ந்து இலை விழற மாதிரி முன்னாடி கொஞ்சம் பின்னாடி கொஞ்சம்னு ஆடி ஆடி இறங்கறது. அப்புறம் செங்குத்தான இடத்துல ஸ்னோபிளவ், ஸ்கீ முனை ரெண்டையும் சேர்த்து பின்பக்கத்தை விரிச்சு வேகத்தை குறைக்கறது, புதுசா கத்துக்கறவங்க முதல் நாள் போடற அதே ஸ்னோபிளவ். எங்க பேட்ச்ல ரேஸ் ஓடின பசங்க ரெண்டு பேர் இருந்தாங்க, அவங்க வேகத்துக்கு பக்கத்துல கூட நான் நிக்க முடியாது, ஆனா மெதுவா வாங்கனு சொன்னப்ப அவங்க கால் கேக்கல, ரெண்டாவது தடவைதான் பாஸ் பண்ணாங்க.

இதெல்லாம் எதுக்குனு அடிபட்டவங்களை ஏத்தி இறக்கற ஸ்லெட்டை கையில குடுத்தப்பதான் புரிஞ்சுது. டொபாகன்னு சொல்வாங்க, ஃபைபர்கிளாஸ் உடம்பு, முன்னாடி ரெண்டு நீள ஹேண்டில், அது ரெண்டுக்கும் நடுவுல பேட்ரோலர் நிப்பார், ஸ்லெட் மூக்குக்கு அடியில ஒரு செயின், அதை கீழ விட்டா பனியில கடிச்சு ப்ரேக் மாதிரி வேலை செய்யும், பின்னாடி ஒரு கயிறு, ஸ்லோப் செங்குத்தா இருந்தா இன்னொருத்தர் அந்த கயிறை புடிச்சுக்கிட்டு பின்னாடியே வருவார். காலி ஸ்லெட் ஒரு மாதிரி, ஒவ்வொரு மேட்டுக்கும் துள்ளும், பக்கவாட்டுல இழுக்கும். ஆள் ஏத்தின ஸ்லெட் வேற மாதிரி, துள்ளாது, ஆனா உங்க முதுகை தள்ளிக்கிட்டே இருக்கும், ஒரு செகண்ட் கால் தளர்ந்துச்சுனா அது உங்களை ஓட்டிக்கிட்டு போக ஆரம்பிச்சிடும். எங்க இன்ஸ்ட்ரக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்றது ஒண்ணே ஒண்ணு, "நீ போற இடத்துக்கு ஸ்லெட் வரணும், ஸ்லெட் போற இடத்துக்கு நீ போகாத." இந்த ஸ்லெட் பார்ட்டுக்கு மட்டும் தனியா ரேட்டிங் குடுக்க சொன்னா 5க்கு 5 குடுப்பேன், ஒரு சனிக்கிழமை விடாம ஆறு வாரம், ரொம்ப சுலபமான பச்சை ஸ்லோப்ல ஆரம்பிச்சு, கடைசியில ரொம்ப கஷ்டமான இரட்டை கறுப்பு வரைக்கும் கூட்டிக்கிட்டு போனாங்க, அவசரப்படுத்தவே இல்ல.

அதுலயும் ஒரு விஷயம் ரொம்ப புடிச்சுது. ஸ்லெட் ஓட்ட கத்துக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் அதுல படுக்க வெச்சாங்க. போர்வை சுத்தி, தார்ப்பாலின் மூடி, ஸ்ட்ராப் இறுக்கி, கை ரெண்டும் உள்ள, முகம் மட்டும் வெளிய. வானமும் லிஃப்ட் கம்பியும் மட்டும்தான் தெரியுது, எங்க போறோம்னு தெரியல, ஓட்டறவரோட ஸ்கீ தெறிக்கற பனி முகத்துல வந்து விழுது, அடியில செயின் கரகரனு அரைக்கற சத்தம் முதுகெலும்பு வழியா கேக்குது, சின்ன மேடு கூட இடுப்புல வந்து இடிக்குது. எனக்கு அடிபட்ட அன்னிக்கு இதுல ஒண்ணுகூட ஞாபகம் இல்ல, அப்படினா அன்னிக்கு என்னை எவ்ளோ பதமா இறக்கியிருக்காங்கனு அந்த ஸ்லெட்ல படுத்திருந்தப்பதான் தெரிஞ்சுது. கண்ல தண்ணி வந்துடுச்சு, துடைக்கவும் முடியல, கை உள்ள கட்டியிருக்கு.

அமெரிக்காவோட நேஷனல் ஸ்கீ பேட்ரோல் ஆரம்பிச்சதுக்கு பின்னாடியும் இப்படி ஒரு ஸ்லெட் கதை இருக்கு. 1936ல வெர்மான்ட் மாநிலத்துல ஸ்டோவ்ங்கற இடத்துல சார்லஸ் மைனட் டோல்னு ஒருத்தர் விழுந்து கணுக்கால் உடைஞ்சு மழையிலயும் குளிர்லயும் கிடந்தார், இறக்க எதுவும் கிடையாது, கூட வந்தவங்க ஒரு கூரைத் தகரத்தை கொண்டு வந்து அதுல வெச்சு இழுத்துக்கிட்டு போனாங்க. அப்ப கூட இருந்து இழுத்த நண்பர் ஃப்ராங்க் எட்சன், கொஞ்ச மாசத்துலயே ஒரு ரேஸ்ல அடிபட்டு இறந்துட்டார். அந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டுதான் டோல் 1938ல நேஷனல் ஸ்கீ பேட்ரோலை ஆரம்பிச்சார், இன்னிக்கு அதுல 30,000 பேருக்கு மேல, பாதிக்கு மேல வாலண்டியர்கள். ட்ரெய்னிங்ல இதை அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிச்சுட்டாங்க, எனக்கு அது மனசுல ஒட்டிக்கிச்சு.

அடுத்து மெடிக்கல். அவுட்டோர் எமர்ஜென்சி கேர்னு பேர், ஆம்புலன்ஸ்ல வர்றவங்க படிக்கறதுக்கு கிட்டத்தட்ட ஈடான பாடம், ஆனா குளிர், உயரம், ஆஸ்பத்திரி தூரம் எல்லாத்தையும் கணக்குல எடுத்துக்கிட்டு எழுதினது. எங்களுக்கு சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே 80 மணி நேரத்துக்கு மேல போச்சு, வாரத்துல ரெண்டு சாயங்காலம், அப்புறம் ஞாயிறு முழுக்க, கடைசியில எழுத்து பரீட்சையும் ப்ராக்டிகலும். வேலைக்கு போயிட்டு வந்து இதை படிக்கறது சுலபம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வீட்ல இருக்கறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சுக்கோங்க. ஒரு தடவை பாஸ் பண்ணா முடிஞ்சு போற விஷயமும் கிடையாது, வருஷா வருஷம் சீசனுக்கு முன்னாடி ரெஃப்ரெஷர் உண்டு, சிபிஆரும் (இதயம் நின்னவங்களுக்கு நெஞ்சை அமுக்கி குடுக்கற முதலுதவி) திரும்ப பண்ணி காட்டணும்.

ஸ்லோப்ல அதிகமா வர்றது முட்டி, மணிக்கட்டு, தோள்பட்டை கழண்டுக்கறது, அப்புறம் கம்பை கையில புடிச்சுக்கிட்டே விழறதால கட்டைவிரல் அடி லிகமென்ட் கிழியறது, இதுக்கு ஸ்கீயர்ஸ் தம்ப்னே பேர். ஆனா பாடத்துல எனக்கு பயத்தை உண்டாக்கினது தொடை எலும்பு. அது நடுவுல உடைஞ்சா தொடை சதை எல்லாம் இறுகி உடைஞ்ச முனைகளை ஒண்ணுமேல ஒண்ணா இழுக்கும், உள்ளுக்குள்ளயே ஒரு லிட்டருக்கு மேல ரத்தம் போகலாம், வெளிய ஒரு சொட்டு தெரியாது. அதுக்கு ட்ராக்ஷன் ஸ்ப்ளின்ட், அதாவது உடைஞ்ச காலை அசையாம இழுத்து வைக்கற கட்டு, போட்டு காலை மெதுவா நீட்டி இழுத்து புடிக்கணும். ஸ்லெட்ல ஏத்தறதுலயும் ஒரு கணக்கு, பொதுவா அடிபட்ட பக்கம் மேல் ஸ்லோப்ப பார்த்து இருக்கற மாதிரி வைப்பாங்க, அதனால கால் அடினா தலை கீழ் பக்கமா போகும், தலையில அடியோ மூச்சுத் திணறலோ இருந்தா தலை மேல. நான் இறங்கினப்ப ஏன் தலைகீழா மாதிரி இருந்துச்சுனு ரெண்டு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருந்தேன், அதுக்கு விடை அங்கதான் கிடைச்சுது.

ரூம்ல கார்பெட் மேல படுக்க வெச்சு ஸ்ப்ளின்ட் போடறது எல்லாருக்கும் வந்துடும். ஜனவரியில ஒரு நாள் காலையில, காத்து அடிக்குது, மைனஸ் 15, செங்குத்தான ஐஸ் ஸ்லோப், அங்க படுக்க வெச்சு அதே ஸ்ப்ளின்ட்டை போட சொன்னாங்க. முதல்ல நம்ம நிக்கணும், பேக் வழுக்கி போயிடாம வைக்கணும், அடிபட்டவர் வழுக்கிடாம தாங்கணும், மேலேர்ந்து வர்றவங்க வந்து மோதிடாம ஆள் நிறுத்தணும், இது எல்லாத்துக்கும் அப்புறம்தான் அவரோட கால். க்ளவுஸ் போட்டுக்கிட்டு நாடி பார்க்க முடியாது, கழட்டினா ஒரு நிமிஷத்துல விரல் மரத்துப் போகுது, மரத்த விரலால பக்கிளை மாட்ட முடியல, நான் திணறிக்கிட்டு இருக்கேன், பேஷன்ட்டா நடிச்சவர் எதுவும் பேசாம அவர் கையை எடுத்து என் கை மேல வெச்சு கொஞ்ச நேரம் பொத்தி வெச்சார். சீனியர் பேட்ரோலர் அவர், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சாம். அப்புறம் சொன்னார், உன் கை சூடா இருக்கறதும் ட்ரீட்மென்ட்ல ஒரு பகுதிதான்னு. அதுலேர்ந்து ஜாக்கெட் உள்பாக்கெட்ல ஒரு ஜோடி மெல்லிசு க்ளவுஸ் எப்பவும் வெச்சிருக்கேன்.

பனிச்சரிவு ட்ரெய்னிங் ரெண்டு நாள். பெரும்பாலான சரிவுகள் 30லேர்ந்து 45 டிகிரி ஸ்லோப்லதான் கிளம்பும்ங்கறது, பனி அடுக்குகளை வெட்டி பார்த்து எந்த அடுக்கு பலவீனம்னு கண்டுபிடிக்கறது எல்லாம் சொன்னாங்க, ஆனா உடம்புல இறங்கினது தேடற ட்ரில்தான். பீக்கன்னு ஒரு கருவி, எல்லாரும் உடம்புல கட்டியிருப்போம், 457 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் விட்டுக்கிட்டே இருக்கும், ஒருத்தர் புதைஞ்சுட்டா மத்தவங்க எல்லாம் தேடற மோடுக்கு மாத்திக்கிட்டு அம்புக்குறியை பார்த்து ஓடணும், திரையில நம்பர் குறைஞ்சுக்கிட்டே வரும், 30, 18, 7, கடைசி மூணு மீட்டர்ல பீக்கனை பனியோட ஒட்டி வெச்சு குறுக்கும் நெடுக்குமா நகர்த்தணும், எங்க நம்பர் ரொம்ப கம்மியோ அங்கேர்ந்து ப்ரோப் கம்பியை 25 சென்டிமீட்டர் இடைவெளில சுருள் சுருளா குத்திக்கிட்டே வரணும். தரையில பட்டா கடக்குனு இருக்கும், ஆள் மேல பட்டா மெத்தை மாதிரி ஒரு சின்ன எதிர்ப்பு, அந்த வித்தியாசம் கைக்கு தெரியணும்னு ஒரு பேக்கை புதைச்சு வெச்சு திரும்ப திரும்ப குத்த சொன்னாங்க. அப்புறம் தோண்டறது, அதுதான் நேரத்தை முழுங்கும், ப்ரோப் இருக்கற இடத்துக்கு நேர் மேல நின்னு தோண்டக்கூடாது, கொஞ்சம் கீழ் ஸ்லோப்லேர்ந்து ஆரம்பிச்சு வரிசையா நின்னு பின்னாடி தள்ளிக்கிட்டே போகணும். முதல் 10, 15 நிமிஷத்துக்குள்ள எடுத்தாதான் உயிரோட எடுக்கற வாய்ப்பு நல்லா இருக்கும், அதுக்கு மேல மளமளனு குறைஞ்சிடும். எங்க க்ரூப் முதல் தடவை எடுத்துக்கிட்டது 21 நிமிஷம். இன்ஸ்ட்ரக்டர் வாட்சை காட்டினார், ஒண்ணும் சொல்லல, எல்லாரும் சத்தமே இல்லாம நின்னோம், ரெண்டாவது நாள் முடியறப்ப 9 நிமிஷத்துல எடுத்தோம்.

வெடி வெச்சு பனியை முன்கூட்டியே இறக்கற வேலை இருக்கே, அதுக்கு லைசென்ஸும் தனி ட்ரெய்னிங்கும் வேணும், கேண்டிடேட்டுகளை பக்கத்துல விடல, விடக்கூடாதுதான். லிஃப்ட் நின்னு போச்சுனா கேபிள் மேல கயிறை போட்டு ஒவ்வொரு சேரா ஆளுங்களை இறக்கற ட்ரில் ஒரு நாள், நல்லா இருந்துச்சு, தோள்பட்டை கழண்டு போற மாதிரி வலி.

இப்ப அந்த ஒரு ஸ்டார். சின்ன குறை ஒண்ணு, ப்ராக்டிஸுக்கு குடுத்த ஸ்ப்ளின்ட்ல பாதிக்கு வெல்க்ரோ தேய்ஞ்சு ஒட்டவே இல்ல, நிஜ கேஸுக்கு போறது எல்லாம் புதுசுதான், ஆனா கத்துக்கறப்பவே ஒட்டாததை ஒட்ட வெச்சு பழகினா கை தப்பா பழகிடும். பெரிய குறை இதுதான். பிப்ரவரியில நாங்க ஷிஃப்ட்ல சீனியர்ஸ் கூட சுத்திக்கிட்டு இருந்தப்ப ஒரு நிஜ கேஸ் வந்துச்சு, நடுவயசுக்காரர், ஸ்லோப் ஓரத்துல மாரடைப்பு, நான் ஆக்ஸிஜன் பேக்கை தூக்கிக்கிட்டு போனேன், சிபிஆர்ல என் முறை வந்தப்ப நானும் பண்ணேன், ஷாக் குடுத்தாங்க, ஸ்லெட்ல ஏத்தி கீழ வரைக்கும் விடாம பண்ணிக்கிட்டே போனாங்க. அவர் பிழைக்கல. சாயங்காலம் பேட்ரோல் ரூம்ல கால் மணி நேரம் மீட்டிங், எது சரியா போச்சு, எந்த பேக்ல எதை நிரப்பணும், ரிப்போர்ட் யார் எழுதறது, எல்லாம் ஒழுங்கா பேசினாங்க. எங்க மூணு கேண்டிடேட்டையும் எப்படி இருக்கீங்கனு யாரும் கேக்கல. அவங்க கெட்டவங்க இல்ல, அவங்களையும் அந்த காலத்துல யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா நான் ரெண்டு வாரம் தூங்கல, அவர் க்ளவுஸ் ஒண்ணு பனி மேல கிடந்தது மட்டும் கண்ணை மூடினா வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் எனக்கு ஸ்ப்ளின்ட் சொல்லிக்குடுத்த அந்த சீனியருக்கு நானாவே போன் பண்ணேன், ஒரு மணி நேரம் பேசினார், அவரோட முதல் கேஸை சொன்னார், அதுக்கப்புறம்தான் கொஞ்சம் தூக்கம் வந்துச்சு. இந்த மாதிரி நாளுக்கு அப்புறம் மனசுக்கு என்ன ஆகும், யார்கிட்ட போகணும்னு ஒரு வகுப்பு, ஒரே ஒரு சாயங்காலம், பாடத்துல இருந்திருக்கணும். இப்ப வேற பல மலைகள்ல இதுக்குனே ட்ரெய்னிங் வர ஆரம்பிச்சிருக்கு. நீங்க சேர போற இடத்துல முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இதுதான்னு சொல்வேன், ஸ்லெட் எத்தனை நாள் சொல்லித்தருவீங்கங்கறது கூட அப்புறம்தான். நான் டீம்க்கு இதை லெட்டராவே எழுதி குடுத்திருக்கேன்.

சம்பளத்துக்கு இதை பண்ணலாமானு கேக்கறவங்களுக்கு, பண்ணலாம், ஆனா சீசன் வேலை, பனி போனா வேலையும் போகும், கோடையில வேற எதாவது பார்த்துக்கணும். 2024 டிசம்பர் கடைசியில யூட்டா மாநிலத்துல பார்க் சிட்டி பேட்ரோலர்கள் ஸ்ட்ரைக் பண்ணதை படிச்சிருப்பீங்க, ஆரம்ப சம்பளத்தை மணிக்கு 21 டாலர்லேர்ந்து 23 ஆக்கணும்ங்கறது முக்கியமான கோரிக்கை, கிறிஸ்துமஸ் கூட்ட நேரத்துல ஏகப்பட்ட ஸ்லோப் திறக்க முடியாம போய், கிட்டத்தட்ட ரெண்டு வாரம் ஓடி ஜனவரியில உடன்பாடு வந்துச்சு. பேட்ரோலர் இல்லாம ஒரு ஸ்லோப்பை கூட திறக்க முடியாதுனு எல்லாருக்கும் தெரிஞ்சது அப்பதான்னு நினைக்கறேன். ஃப்ரான்ஸ்ல இது அரசாங்க சர்ட்டிஃபிகேட் வாங்கி செய்யற தொழில். இதுல வாலண்டியரா வர்றவங்க பணம் போடணும், பூட்ஸ், பீக்கன், பேக் எல்லாம் நம்ம செலவுதான் பல இடத்துல.

யாருக்கு ஒத்து வரும்னு கேட்டா, விடியறதுக்கு முன்னாடி எழுந்து முதல் லிஃப்ட்ல போய் லிஃப்ட் தூண்ல பேட் கட்டறது, கயிறு இழுத்து கட்டறது, மூங்கில் கம்பு நடறது, ராத்திரி பெய்ஞ்ச பனிக்கு புதைஞ்சு போன போர்டை தோண்டி எடுத்து திரும்ப நடறது, இதெல்லாம் சலிக்காம செய்ய முடியறவங்களுக்கு. ஒரு நாள்ல முக்கால்வாசி இதுதான் வேலை, காயம் கால்வாசி கூட கிடையாது. வேகமா போற சின்ன பசங்களை நிறுத்தி கோவப்படாம பேசணும், அதுவும் தினமும் பத்து தடவை. வலியில திட்டறவங்ககிட்ட திரும்ப திட்டாம இருக்கணும். பத்து நிமிஷத்துல ஒருத்தரை இறக்கிட்டு அவர் பேர் மறந்து போறதுக்குள்ள அடுத்த கேஸுக்கு போக தயாரா இருக்கணும்.

எனக்கு இதுல ரொம்ப புடிச்ச நேரம் ஸ்வீப். லிஃப்ட் எல்லாம் மூடினதுக்கு அப்புறம் ஒவ்வொரு ஸ்லோப்புக்கும் ஒருத்தர்னு மேலேர்ந்து கிளம்பி யாராவது விட்டுப் போயிருக்காங்களானு பார்த்துக்கிட்டே இறங்கறது. கொஞ்ச தூரம் போறது, நிக்கறது, மரங்களுக்குள்ள பார்த்து சத்தமா கூப்பிடறது, அப்புறம் மூச்சை அடக்கிக்கிட்டு கேக்கறது, ஏன்னா மரத்தடி குழியில தலைகீழா விழுந்தவங்களால கத்த முடியாது, சின்ன சத்தம்தான் வரும். ஜாக்கெட் உரசற சத்தம் கூட வரக்கூடாதுனு அசையாம நிக்கணும். கேண்டிடேட்டா இருந்து பேட்ரோலர் ஆன அன்னிக்கு எனக்கு குடுத்த ஸ்வீப், நான் விழுந்த அதே ஸ்லோப். விழுந்த இடத்துல நின்னு கூப்பிட்டேன், கேட்டேன், எதுவும் இல்ல, இன்னொரு தடவை கூப்பிட்டு இன்னும் கொஞ்ச நேரம் கேட்டேன், அப்புறம் ரேடியோவை எடுத்து க்ளியர்னு சொல்லிட்டு கீழ இறங்கினேன்.